என் மனைவிக்கு வந்த வசவுகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே என் மனசைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீயும் வீட்டாரும், உன் முதுகுவலியும் எப்படி என்று எழுதவும்.

விஷயம் உன் அக்காவைப் பற்றியது. அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்ப்பதை வீடியோவாகப் போடுகிறாள் அல்லவா, அதற்கு இப்போது பெருங்கூட்டம். அதில் பாதிப் பேர் திட்டுவதற்கென்றே வருகிறார்கள். அவள் நிறத்தைச் சொல்லி, ஏதோ வெளிநாட்டுக்காரி போல, வந்த நாட்டுக்கே திரும்பிப் போ என்கிறான் ஒருவன். பொம்பளைக்கு எதுக்கு ஸ்குரூடிரைவர் என்கிறான் இன்னொருவன். முதல் நாள் அவள் சாப்பிடவே இல்லை. மறுநாள் எழுந்து எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் பிளாக் செய்து, போலீசில் புகாரும் கொடுத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார். கூடப் போன என்னிடம், "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? எத்தனை வருஷமாக வரிக்கணக்குப் பார்க்கிறேன், எனக்கு யார் கைகொடுத்தார்கள்? நானும் வரிக்கணக்கைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன். பாராட்டு வேண்டாமப்பா, திட்டவாவது ஒருத்தன் வரக்கூடாதா? ஈ காக்கா இல்லை. அதற்குள் எவனோ என் வீடியோ கணக்கையே பறித்துக்கொண்டான். கடவுச்சொல்லாக என் பெயரையே வைத்திருந்தேன். உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் திருடன் என் வழுக்கைத்தலைப் படத்தைப் போட்டு முடி வளரும் தைலம் விற்றான், அவனுக்கு ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவன் மேலும் பொறாமைதான். உன் அக்கா அத்தாட்சியெல்லாம் அனுப்பிக் கணக்கை மீட்டு, புதுக் கடவுச்சொல் போட்டு, போனுக்கு ரகசிய எண் வரும்படியும் செய்தாள். "அந்த நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க" என்றாள். கணக்கு வந்தது. ஆயிரம் பேரும் போய்விட்டார்கள்.

நீ சொன்னால் அவள் கேட்பாள். பாதுகாப்பு கருதி வீடியோவை நிறுத்தச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

பிள்ளைகள் நன்றாக வளரட்டும், உன் வீட்டில் குறையொன்றும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. இப்போதுதான் என் வீடியோவின் கீழே ஒருவன், பொண்டாட்டி புகழில் குளிர்காய்கிறவன் என்று என்னைத் திட்டியிருக்கிறான். உன் அக்கா பதில் போட்டிருக்கிறாள்: "இவர் என் வீட்டுக்காரர். இவர் அளவுக்கு வரிக்கணக்கு தெரிஞ்சவங்களை நான் பார்த்ததில்லை. மரியாதையாப் பேசு." அவனை பிளாக் பண்ணவா என்று கேட்டாள். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன்.