வழுக்காத ஏணி

"அத்தா, சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்க பிசிக்ஸ் சார் உங்களை வரச் சொல்லியிருக்காரு. நான் சொல்லிக்குடுத்த பாடத்துல உங்களைக் கேள்வி கேப்பாராம்."

அன்வர் பாஷாவின் தொண்டையில் இடியாப்பம் நின்றுவிட்டது. பத்தாம் வகுப்போடு விட்டு ஓடிய பரீட்சை, முப்பது வருடம் கழித்துத் திருவல்லிக்கேணிக்கு வீடு தேடி வந்திருக்கிறது.

"என்னையா? எதுக்கும்மா?"

"நீங்கதானே 'நன்றாகப் புரிந்தது'ன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டார்தான், போன வாரம் பாடம் சொல்லி முடித்ததும் அவள் நீட்டிய தாளில். மகள் தஹ்சீனுக்கு அடையாறில் ஒரு பள்ளியில் தனி இயற்பியல் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கல்லூரி முதல் வருடப் பாடம். சேர்ந்த அன்றே, மாணவர்களிடம் என்னென்ன எதிர்பார்க்கிறோம் என்று எட்டுப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். வாரம் பத்து மணி நேரம் வீட்டில் படிக்க வேண்டும். சோதனைக் குறிப்பைப் பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. வாரம் ஒரு பாடத்தை வீட்டில் ஒருவருக்கு விளக்கிப் புரியவைக்க வேண்டும். தேறாவிட்டால் சாதாரண வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

"முழுசா படிச்சுட்டீங்களா அத்தா?" என்று அவள் கேட்டபோது, மூன்றாவது வரியிலேயே மூச்சு வாங்கியிருந்த அன்வர் பாஷா, "ஓ, எப்பவோ" என்று சொல்லி எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது தன் வாயால் பெண்ணின் இடம் பறிபோய்விடுமோ என்று பயந்து, நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

தஹ்சீன் நோட்டில் ஒரு சுவர் வரைந்தாள். அதில் சாய்த்து ஓர் ஏணி. அதன் மேல் தொப்பையோடு ஓர் ஆள்.

"இது நீங்க. உங்க தொழில்தான் அத்தா, பயப்படாதீங்க. நீங்க ஏணியில நிக்கும்போது ஏணி சுவரைத் தள்ளுது. சுவர் திருப்பித் தள்ளுது. அந்தத் தள்ளல் ஏணியோட காலை வெளிப்பக்கமா சறுக்கிவிடப் பாக்குது. சறுக்காமப் பிடிச்சு வைக்கிறது தரையோட உராய்வு. சரியா?"

"சரி."

"நீங்க மேல ஏற ஏற ஏணி தரையை இன்னும் பலமா அழுத்தும். அழுத்தினா உராய்வு கூடும். அதனால மேல் படிக்குப் போகப் போக ஏணி வழுக்கவே வழுக்காது."

"வழுக்கவே வழுக்காதா?"

"ஏன் அத்தா? ஏதாவது சந்தேகமா?" அவள் ஆவலோடு முன்னால் குனிந்தாள்.

அன்வர் பாஷா இருபத்திரண்டு வருடமாகத் தியாகராய நகரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். கீழ்ப் படிகளில் ஏணி சாதுவாக நிற்கும். மேலே போகும்போதுதான் அதற்குக் குணம் மாறும். ஆனால் கல்லூரிப் பாடத்திடம் போய் என் கால் வேறு மாதிரி சொல்கிறது என்று சொல்ல முடியுமா?

"சந்தேகமா? எனக்கா? சூப்பரா சொன்னம்மா!"

அவள் முகம் வாடியது. இவ்வளவு மக்கு அத்தாவா என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

மூளை ஒப்புக்கொண்டதை உடம்பும் ஒப்புக்கொண்டால்தான் சனிக்கிழமை குரல் நடுங்காது. புதன்கிழமை பாண்டி பஜார் பக்கம் ஒரு வளையல் கடைக்குப் பலகை மாட்டும்போது, எப்போதும் ஏணியைப் பிடித்துக்கொள்ளும் கூட்டாளி அப்துல் சமத்திடம் சொன்னார்:

"நான் எட்டாவது படிக்குப் போனதும் கைய எடுத்துடு."

"இன்னா பாய், வீட்ல எதுனா சண்டையா?"

"மேல போனா வழுக்காது. பிசிக்ஸ்."

"கீழ வுழுந்தா பிசிக்ஸ் வந்து தூக்குமா?"

"எடுய்யா கைய!"

ஏணி வழுக்கியது.

ஏன் வழுக்கியது என்று நிதானமாகப் பார்த்தால் அது ஓர் அழகான விஷயம். மனிதர் முதல் படியில் நின்றாலும் எட்டாம் படியில் நின்றாலும் அவர் கனம் அதேதான். தரையை அழுத்துவதும் அதே கனம்தான். ஆகவே தரையின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது குண்டுமணி அளவும் உயராது. ஆனால் மேலே போகப் போகச் சுவரின் தள்ளல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எந்தப் படியில் தள்ளல் அந்த எல்லையைத் தாண்டுகிறதோ, அந்தப் படியில் ஆள் கீழே.

அன்வர் பாஷா, பலகையைச் சுற்றி வந்த தெர்மகோல் குவியல்மேல் விழுந்தார். வலது கணுக்கால் மட்டும் குவியலுக்கு வெளியே விழுந்தது.

வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பிள்ளை பாடத்தைத் தப்பாகப் படித்திருக்கிறாள்! அது சரி என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர். தாளோ சாரிடம் போயாகிவிட்டது.

"வீட்ல ஏணின்னு மூச்சு வுடாத. வேற எதுனா சொல்லு" என்றார் சமத்திடம்.

வீட்டு வாசலில் சமத் சொன்னார்: "மாடு முட்டிடுச்சு."

மனைவி வஜீஹா அலறினாள். "யா அல்லா! எந்த மாடு? வெறி புடிச்ச மாடா?"

"பார்வை கொஞ்சம் ஒரு மாதிரிதான் கீது" என்றார் சமத், பொய்க்கு வலு சேர்க்க.

அரை மணி நேரத்தில் அன்வர் பாஷா வெறிநோய்த் தடுப்பூசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து தவணை. டாக்டர், "மாடு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றார் அவர் பரிதாபமாக.

சனிக்கிழமை பதினோரு மணி. கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு உள்ளே போனார். வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: மகள் சொன்னதையே சாதிப்பது. சார் என்ன ஏணியிலா ஏறியிருக்கப் போகிறார்?

ஞானதாஸ் சார் நாற்காலியைக் காட்டினார். தஹ்சீன் ஓரமாக நின்றாள். அவள் வாய் திறக்கக் கூடாதாம்.

"உங்க பொண்ணு சொன்னது எல்லாம் சரிதானா பாய்?"

"நூத்துக்கு நூறு சார்."

"மேல ஏறினா ஏணி வழுக்காதா?"

"வழுக்காது சார்." கட்டுக்குள் கணுக்கால் விண்விண் என்று தெறித்தது.

"இருபது வருஷமா ஏணியில நிக்கிறவர் நீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவைகூட வழுக்கினதில்லையா?"

பொறி வைக்கிறார்! "ஒரு தடவைகூட இல்ல சார்."

"கால்ல என்ன கட்டு?"

"மாடு சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். குரல் ஏறக்குறையக் கெஞ்சியது. "கடைசியா கேக்கறேன். அவ சொன்னதுல எந்த இடமாவது இடிக்குதா?"

"மாட்டைத் தவிர வேற எதுவும் இடிக்கல சார்!"

தஹ்சீன் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பெற்றவன் விட்டுக்கொடுக்கவில்லையே என்று பிள்ளை நெகிழ்ந்துவிட்டாள். சார் பெருமூச்சு விட்டு, சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதி நோட்டை மூடினார்.

அன்வர் பாஷா நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்தார். ஐந்து நாளுக்குப் பிறகு இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. பெண்ணின் இடத்தைக் காப்பாற்றியாகிவிட்டது.

வராந்தா பெஞ்சில் அடுத்த ஆளாக ஆனி உட்கார்ந்திருந்தாள். தஹ்சீனோடு படிக்கும் ஆஸ்வினின் அம்மா, மயிலாப்பூரிலிருந்து வந்திருந்தாள். அவளும் வேர்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் காலைப் பார்த்து, நகர்ந்து இடம் விட்டு, ரகசியமாகக் கேட்டாள்:

"பாய், உங்க பொண்ணு எந்த இடத்துல வேணும்னே பொய் சொல்லிச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதைப் பிடிச்சாத்தான் பிள்ளைங்களுக்கு மார்க்குன்னு ஆறாம் பக்கத்துல போட்டிருக்கு, எங்க ஆஸ்வின் சொன்னது எல்லாமே எனக்குச் சரியாவே தெரியுது!"