ஜோடி அண்ணனின் ஒரே கேள்வி

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை தேடினாலும் காதலைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பிளம்பர். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. மனைவியிடம் தினமும் திட்டு வாங்குகிறவர். எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு வருஷம் தவறாமல் ஒரு காதல் நகைச்சுவை நாடகம் எழுதுவார். அதில் கட்டாயம் இரண்டு காதல் ஜோடி உண்டு. அதனால் ஊருக்கே அவர் ஜோடி அண்ணன்.

ஆரம்பத்தில் அவருடைய காதலர்கள் நாலு பேரும் ஒரே அச்சு. நாலு பேருக்கும் நிலா, நாலு பேருக்கும் கண்ணீர். ஒரு வருஷம் நாடகம் முக்கால்வாசி ஓடியபிறகு, பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா முன்வரிசையில் எழுந்து நின்று கேட்டார்: "எலே, இதில எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயலாக்கும்?"

மேடையில் நின்ற நாலு பேரும் பதிலுக்கு அண்ணனைப் பார்த்தார்கள்.

அதன்பின் இரண்டு வாரம் அவர் பேனாவைத் தொடவில்லை. தனுவச்சபுரம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஒரு பெண்ணின் அப்பா வந்து சட்டையைப் பிடித்தபோது, ரெஞ்சைக் காட்டி, குழாய் உடைப்பு பார்க்க வந்ததாகச் சொல்லித் தப்பித்தார். திரும்பியவர் பெரிய கண்டுபிடிப்போடு வந்தார்.

"மக்கா, காதல் வந்தா எல்லாவனும் ஒண்ணுபோலதான் பேசுவான். பஸ்சு விட்டுப்போனா என்ன செய்யுவான்னு பாரு. அதிலதான் ஆளு தெரியும்."

அதற்குப் பிறகு நடிக்க வருகிறவர்களுக்கு அந்த ஒரே கேள்விதான் தேர்வு. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் போனேன். ஒருவன், ஓடிப்போய்த் தொத்திக்கொள்வேன் என்றான். ஒருத்தி, கண்டக்டரைத் திட்டுவேன் என்றாள். முதல் ஜோடி தயார். காஞ்சிரங்குளத்து ஷைலா, "நான் நடந்துருவேன்" என்றாள். நான், "அடுத்த பஸ்சு வரும்லா, நிப்பேன்" என்றேன்.

"ரெண்டாமத்ததும் கிட்டியாச்சு" என்று அண்ணன் எழுதிக்கொண்டார்.

நாடகத்தில் ஷைலா போய்க்கொண்டே இருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெளியிலும் அதே கதைதான். மூன்றாவது ஒத்திகையிலேயே அவள்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. விழா நெருங்கும்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம்.

எங்கள் ஜோடிக்கு மட்டும் அண்ணன் கடைசிக் காட்சியை எழுதாமலே வைத்திருந்தார்.

"அண்ணே, எங்களயும் சேத்து வச்சிருங்க" என்றேன்.

"எப்பிடிடே சேக்க? நீ நட்டு வச்ச போஸ்டுபோல நிக்க. போயி அவகிட்ட ஒரு வார்த்த சொல்லு. சொல்லிட்டு வா, எழுதுதேன்."

"நாடகத்துக்கு இனி ஆறு நாளுதான் உண்டு."

"ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாளுதான் உண்டு" என்றார்.

மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விழாக் கமிட்டி வந்து கத்தியது. முதல் ஜோடி அழுதது. அண்ணன் அசையவே இல்லை.

சனிக்கிழமை ஒத்திகை விட்டதும் ஷைலாவின் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க, "எனக்கு உன்னக் கட்டணும்னு உண்டு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் நின்று திரும்பினாள். "ஒரு மாசமாட்டு நான் பையத்தான் நடக்கேன். இப்பமாவது வாய் தொறந்தியளே."

மறுநாள் அந்தச் சம்பந்தத்தை அவள் வேண்டாமென்றாள். அவள் அப்பா என்னிடம் மூன்று மாசம் பேசவில்லை, பிறகு பேசினார். திங்கட்கிழமை அண்ணன் எழுதித்தந்த காட்சி உண்மையில் சுமார்தான். அதை அவரிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை. ஒரு கூச்சக்காரனுக்காகத் தன் நாடகத்தையே பணயம் வைத்தவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் கல்யாணத்தன்று அவர் சாப்பிடாமலே பந்தி பந்தியாக எல்லோருக்கும் சோறும் கறியும் விளம்பிக்கொண்டு நின்றார். கடைசிப் பந்தியில் கையைப் பிடித்து உட்கார வைத்தோம். அவர் இலைக்கு நான் சோறு வைத்தேன், பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஷைலா பருப்பு ஊற்றினாள்.