பஞ்சு வெச்சீங்களா, மேடம்?

மோசடிக்காரர்களிடமிருந்து எங்கள் வீட்டைக் காப்பாற்றுவது என்று என் கணவர் முடிவு செய்ததிலிருந்து சாப்பாட்டு மேசை வகுப்பறையாகிவிட்டது.

"லாட்டரி விழுந்திருக்குன்னு சொன்னா?"

"விழுந்தது நாமதான்."

"போலீஸ் உடுப்புல வீடியோ கால் வந்தா?"

"கட் பண்ணணும்."

"ஓடிபி கேட்டா?"

"ஓடிப் போன்னு சொல்லணும்."

நான் கான்வென்டில் படித்தவள். ஒப்பிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. பயப்படவும் அங்கேயே கற்றுக்கொண்டேன்.

இப்போது பயத்துக்குக் காரணமும் இருந்தது. பாப்பாவுக்கு இரண்டு காதிலும் சீழ். தள்ளிப்போட்டால் கேட்காமலே போய்விடும் என்றார் டாக்டர். ஒரு காது ஆபரேஷனுக்குத்தான் பணம் சேர்ந்திருந்தது. கணக்கு அவர் பெயரில். ஓடிபி வருவது என் போனுக்கு. போனைத் தொலைப்பதில் அவர் மன்னர்.

அப்பேர்ப்பட்ட வாத்தியார் ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"ஆபீஸ்ல ஒரு குரூப். மூணு மாசத்துல பணம் டபுள். ரெண்டு காதையும் ஒண்ணா முடிச்சிடலாம்."

"டபுள் ஆனவங்களப் பாத்தீங்களா?"

"போட்டோ பாத்தேன்."

"லாட்டரிக்காரனும் போட்டோதான் அனுப்புவான்னு சொன்னீங்க?"

"அது மோசடி, இது முதலீடு. உனக்குப் புரியாது."

புரியாதவளாகவே இருந்து, ஓடிபி தர மாட்டேன் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. துணிமூட்டைக்குள்ளிருந்து வருவது போல ஒரு தடித்த குரல்.

"பேங்க்லேருந்து பேசறேன் மேடம். உங்க கணக்கு முடங்கப் போவுது. இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க."

படித்த பாடமெல்லாம் பறந்துவிட்டது. பாப்பாவின் காது என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. வந்த எண்ணைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நாலு... ஏழு..."

"அம்மா, கண்ணுல சோப்பு!" பாப்பா வீறிட்டாள்.

"குளிக்கிறாளா? காதுல பஞ்சு வெச்சீங்களா, மேடம்?"

எந்த வங்கியில் இத்தனை கரிசனம்! படிப்பதை நிறுத்தினேன்.

"வெச்சிருக்கேன் சார். மிச்சத்தச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க, சொல்லுங்க!"

"ஓடிப் போங்க."

என்ன இருந்தாலும் 'ங்க' போடாமல் நாக்கு திரும்பவில்லை.

சாயங்காலம் டீயை நீட்டிக்கொண்டே சொன்னேன். "இன்னிக்கு ஒரு மோசடிக்காரன் போன் பண்ணினாங்க."

கோப்பை பாதி வழியில் நின்றது. "கொடுத்துட்டியா?"

"ரெண்டு நம்பர் சொல்லிட்டேன். ரொம்ப பயந்துட்டேங்க." அது நடிப்பில்லை. "அவன் நம்பர் இருக்கு. போலீஸ்ல சொல்லிடலாமா?"

"வேணாம், வேணாம்! பாவம், யார் பெத்த பிள்ளையோ." தரையைப் பார்த்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "இனிமே யார் கேட்டாலும் கொடுக்காதே."

"நீங்க கேட்டா?"

முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்த பாப்பாவைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை.

"நான் கேட்டாலும்," என்றார்.

அடுத்த வாரமே, முதலில் ஒரு காது என்று முடிவாகி, ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றோம். ஆஸ்பத்திரி அனுப்பிய லிங்கில் அவர் கார்டு எண்ணைப் போட்டார். என் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. பணம் வாங்குகிற பெண் எங்களையே பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். குரலைத் தடிக்க வைத்தார்.

"ஓடிபி சொல்லுங்க, மேடம்."