சூரியன் பக்கம் மாறின பயணம்

பாபடோயிட்டோய், ஆக்லாந்து
27 பங்குனி 1997

அன்பும் மதிப்பும் உள்ள மச்சான் கதிர்காமநாதன் அவர்களுக்கு, தியாகலிங்கம் வாயால் சொல்ல, உங்கட தங்கச்சி யோகராணி கை நோக எழுதுவது.

ரொறன்ரோக் குளிருக்குள்ள நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க நல்லூரான் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் உயிரோட இருக்கிறம், மற்றதைக் கீழே சொல்லுறன். எனக்கு எழுத்து வராதெண்டது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லுறதில ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாதெண்டு பிள்ளையார் படத்துக்கு முன்னால சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் இவவிட்டப் பேனையைக் குடுத்தனான்.

தை மாதக் கடிதத்தில, கேதீசு கடலில போய்ப் பத்து வருசமாகுது, தகப்பன் ஒருபிடி எள்ளுத்தண்ணி இறைக்கேல்லை, பிள்ளை தாகத்தோட அலையுது எண்டு எழுதியிருந்தீங்கள். வாசிச்சுக் காட்டினதும் இவதான். வாசிச்சு முடிய எழும்பிப் போய்ச் சோறு போட்டா. மூண்டு கோப்பையில. 87 பங்குனியில என்ட வள்ளத்தில பதினொரு சனத்தை ஏத்திக்கொண்டு மயிலிட்டியிலிருந்து கோடிக்கரைக்கு எண்டு என்ட மகன் வெளிக்கிட்ட நாள் துவக்கம், நாங்கள் எங்க இருந்தாலும் மூண்டு கோப்பைதான். பெடியன் செத்திட்டான் எண்டு இவ நம்பமாட்டா. எழுதும், எழுதும், உம்மைத்தான் சொல்லுறன்.

அதால நான் ஒரு சூழ்ச்சி செய்தன். இஞ்சத்தைத் துறைமுகத் தண்ணி குளம் மாதிரி, அதில இறைச்சால் என்ட பிள்ளைக்கு எட்டாது, ஆழக்கடல் வேணும். இஞ்ச விரி எண்ட இடத்து ஃபாக்டரியில என்னோட வேலை செய்த பிஜிக்கார ராஜ்னீலிட்ட வாங்கின மோட்டர் படகு முற்றத்தில சும்மாதானே கிடக்குது, வடக்கே பே ஒஃப் ஐலண்ட்ஸ் மட்டும் நாலு நாள் ஊர் பார்க்கப் போவம் எண்டு இவவைக் கேட்டன். எங்கட சனத்தில பெண்டுகள் வள்ளத்தில ஏறுறதில்லை. முப்பத்தெட்டு வருசம் கரையில நிண்டு என்னைப் பார்த்தவ, 'ஓம், வாறன்' எண்டா. எனக்குப் பயம் அப்பவே பிடிச்சிட்டுது. எள்ளு மடிச்ச கடதாசிச் சரையைத் தூண்டில் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வைச்சன்.

இவ கொண்டுவந்த சாமானைக் கேளுங்கோ மச்சான். இடியப்பம், சம்பல், கடலுக்குப் போறதுக்கு மீன் குழம்பு, கரண்டில்லாத படகுக்கு ரைஸ் குக்கர், எல்லாம் மூண்டு பேருக்கு. சீலைக்கு மேல செம்மஞ்சள் மிதவைச் சட்டையும் போட்டுத் தேர் மாதிரிக் குந்தியிருந்தா. வெளிக்கிடேக்கை ரேடியோவில கரைக்காவல்காரன் எத்தனை பேர் எண்டு கேட்டான். இவவின்ட கோப்பைப் பழக்கம் எனக்கும் தொத்தி, வாய் தவறி 'த்ரீ' எண்டிட்டன். பின்னேரம் கவாவ் தீவில கட்டினாப் பிறகு திரும்பக் கேட்டான், 'டூ' எண்டன். அவன் பதறிப்போனான். மற்ற ஆள் எங்கே, தண்ணியில விழுந்திட்டாரோ, எப்ப இருந்து காணேல்லை எண்டு கேட்டான். பத்து வருசமாய்க் காணேல்லை எண்டு சொல்ல எனக்கு அவ்வளவு இங்கிலீசு வராது. கடைசியில ஒரு பொலிஸ் வள்ளம் வந்து எங்களை எண்ணிப் பார்த்து, ரைஸ் குக்கரையும் திறந்து பார்த்திட்டுப் போச்சுது. அந்தத் தீவில மயில் உலாவுது மச்சான்! இவ 'முருகா' எண்டு கும்பிட்டுக்கொண்டு நிக்க, கங்காருவுக்குத் தம்பி மாதிரி ஒரு சீவன் வந்து மூண்டாம் ஆளின்ட இடியப்பத்தைத் திண்டிட்டுப் போச்சுது. இவ அதைக் கலைக்கேல்லை. 'பசிபோல' எண்டா.

அடுத்த நாள் இன்னும் வடக்கே டுட்டுகாக்காவில தங்கி, மூண்டாம் நாள் விடிய வெளிக்கிட்டு ஆழத்துக்கு ஓடினம். மத்தியானம் நல்ல இடம், நீலம் கறுத்த தண்ணி. மோட்டரை நிப்பாட்டினன். இவ முன்னுக்கிருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. இவவுக்குத் தெரிஞ்சால் கத்துவா, இன்னும் கொஞ்சம் வடக்கே போய் இறைப்பம் எண்டு திரும்ப மோட்டரைப் போட்டன். அங்கதான் இந்தச் சூரியன் என்னைக் கெடுத்தான். பங்குனியில எங்கட பக்கம் மத்தியானச் சூரியன் தெற்கில நிப்பான், வடக்கே போறவனுக்கு முதுகில சுடும். இந்த நாட்டில அவன் வடக்கில நிண்டு முகத்தில அடிக்கிறான். பழைய ஞாபகத்தில வெயிலை முதுகுக்கு விட்டு ஓடினன். ஓடி ஓடிப் பின்னேரம் பார்த்தால் முன்னுக்கு அதே கவாவ், அதே மயில்! பொழுதும் பட்டிட்டுது, பொழுதுபட்டால் எள்ளு இறைக்கக்கூடாது. காரியம் நடக்கேல்லை மச்சான். சூரியன் பக்கம் மாறி நிக்கிற நாட்டில நான் என்னத்தைச் செய்ய? படகை ராஜ்னீலிட்டத் திருப்பிக் குடுக்கப்போறன். நீங்கள் என்னை மன்னிக்கவேணும்.

மச்சாளுக்கு என்ட வணக்கம். உங்கட பிள்ளைகள் நீடூழி வாழ, கரையில நிக்கிற பிள்ளைகளாய் வாழ, என்ட ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தியாகலிங்கம் (பெருவிரல் அடையாளம்)

பி.கு.: அண்ணை, இது யோகராணி. இவர் முற்றத்தில படகு கழுவுறார். பிள்ளையார் சத்தியம் பெருவிரல் அடையாளத்தோட முடிஞ்சுது. படகு எங்கேயும் போகாது.

இவர் ஒளிச்சு வைச்சது எள்ளில்லை, கருஞ்சீரகம். கடையில மாறி வாங்கிப்போட்டார். வெளிக்கிட முதல்நாள் நான்தான் அதை எடுத்துப்போட்டு நல்ல எள்ளை வைச்சனான். கேதீசு இல்லையெண்டு எனக்கு அவன் போன கிழமையே தெரியும். மூண்டாம் கோப்பை வைக்காட்டில் இவர் சோத்தில கை வைக்கமாட்டார், அதுக்காக வைக்கிறனான்.

நான் கரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன், ஆனால் கடைக்கண்ணில இவரின்ட கையும் தெரிஞ்சது. எள்ளைக் கையில எடுத்தார். கனநேரம் தண்ணியைப் பார்த்தார். பிறகு ஒரு எள்ளு சிந்தாமல் திரும்பச் சரையில போட்டுக் கட்டிப்போட்டுத்தான் படகைத் திருப்பினவர். படகில திசைகாட்டி இருக்கு. இடப்பக்கம் இருந்த கரை வலப்பக்கம் வந்ததை நானே கண்டன், கடலில கிடந்த இந்த மனுசன் காணாமல் விடுவாரோ? கவாவில வந்து, 'இஞ்சரும், சூரியன் பிழைச்சுப் போச்சுதப்பா' எண்டார். 'ஓம், பிழைச்சுத்தான் போச்சுது' எண்டன்.

வாற வருசமும் கூட்டிக்கொண்டு போவன். அப்பவும் வழி பிழைக்கும். நீங்கள் பதில் போடேக்கை எள்ளைப்பற்றி எழுதவேண்டாம் அண்ணை, அந்தச் சூரியனை நல்லாய்த் திட்டி எழுதுங்கோ. வாசிச்சுக் காட்டுறது நான்தான்.