சுத்தல் நானாவும் ஒரு சஹன் சோறும்

புத்தளம் கரையோரத்தில் சுத்தல் நானாவின் கைபட்டுத் திரும்பாதது கடல் ஒன்றுதான். அதுவும் கைக்கு அடங்காததால் தப்பியது.

இறால் நோய்க் கிருமிகளை ஆராயும் கூடத்தில் அவர் விஞ்ஞானி; மூத்தவர் என்பதால் எங்களுக்கு ‘நானா’, அதாவது அண்ணன். நான் கணினி பார்ப்பவன். கிருமியின் புரதத்தை உப்புக்கல் போலப் பளிங்காக்கி, எக்ஸ்கதிர் பாய்ச்சிப் பதிவு எடுப்பார்கள். பிறகு, உருவம் தெரிந்த வேறொரு புரதத்தைக் கணினியில் திருப்பித் திருப்பி, எந்தக் கோணத்தில் அந்தப் பதிவோடு பொருந்துகிறது என்று தேடுவார்கள். நானாவுக்கு இந்தத் தொழில் கைக்கும் பரவிவிட்டது. பள்ளிவாசல்துறையில் மீன் வாங்கப் போனாலும் பாரை மீனைப் புரட்டிக்கொண்டே நிற்பார்.

“நானா, இது மௌத்தான மீன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எழும்பாது!” என்று மீன்காரர் கத்துவார்.

அப்படிப்பட்டவரோடு போய் மோதினான் றிஸ்வான், பட்டத்துக்காக எங்களிடம் ஆய்வு செய்ய வந்தவன். ஒரே பளிங்குக்கு நானா ஒரு கோணம் கண்டார்; அவன் வேறொரு கோணம் கண்டான். பிழையானதைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டார் பணிப்பாளர். றிஸ்வானுக்கு அது பட்டமே பறிபோகிற விஷயம்.

“என்ட கணக்கு பிழைக்காது தம்பி.”

“என்டதும் பிழையில்ல நானா.”

அதோடு இருவருக்கும் கதைபேச்சு இல்லை.

என் தம்பியின் கல்யாணத்தில் வேண்டுமென்றே இருவரையும் ஒரே சஹனில் உட்கார வைத்தேன். சோறு குவித்த அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர், ஆளுக்கு முன்னால் ஒரு கோழித்துண்டு. பிஸ்மி சொன்ன கையோடு நானா சஹனைப் பிடித்து ஓர் ஆள் அளவு திருப்பினார்.

“யா அல்லாஹ், சோத்தையுமா!” என்றார் என் மாமா.

றிஸ்வானுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் நானா சுத்துறீங்க? இப்பயும் உங்கட முன்னால அதே மாதிரித் துண்டுதானே இருக்கு?”

நானாவின் கை நின்றது.

“தம்பி, உன்ட கோணத்துக்கும் என்டதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?”

“அறுபது பாகை.”

“நம்மட பளிங்கும் ஆறு பங்குதானேடா!”

சஹனைப் போலவே அந்தப் பளிங்கையும் ஒரு பங்கு திருப்பினால் பழைய கோலமே வரும். ஆகவே இரண்டும் ஒரே விடைதான். இது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. பிடிவாதம் இருவர் கண்ணையும் மறைத்துவிட்டது.

“விடை கிடைச்சிட்டுதானே? இனி எங்களத் தின்ன விடுங்க” என்றார் மாமா.

இரண்டில் எதை எழுதினாலும் சரி என்ற நிலையில், நானா அறிக்கையில் தன் கோணத்தை அழித்து றிஸ்வானுடையதைப் போட்டார்.

“உங்கடதையே போட்டிருக்கலாமே நானா?” என்றேன்.

“எதப் போட்டாலும் அதே சோறுதான். அவனுக்குப் பட்டம் வேணும்” என்றபடி என் தேநீர்க் கோப்பையைத் திருப்பினார். கைப்பிடி என் பக்கம் வந்து நின்றது.

எதையும் வைத்தபடி இருக்க விடாத அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த பிரியம், இன்னும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.