ஈட்டாவும் எபினேசர் அண்ணாச்சியும்

சுடலைராஜ் எழுதியது மூன்று புள்ளி ஆறு. எபினேசர் எழுதியது நாலு புள்ளி மூன்று. ஒரே நட்சத்திரம், ஒரே சாயங்காலம். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் அது எப்படி மங்கும்?

ஈட்டா என்கிற அந்த நட்சத்திரம் திருவோணத்துக்குக் கீழே இருக்கிறது. ஏழு நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊதிச் சுருங்கும். ஒளியும் கூடிக் குறையும். மளிகைக் கடையை மனைவி ராமசெல்வியிடம் விட்டுவிட்டு, ஏழு மணிக்கு மொட்டைமாடி ஏறி, பைனாகுலரில் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதற்கு எண் போடுவதில் சுடலைராஜுக்கு அலாதிப் பிரியம். எண் கூடினால் ஒளி குறைவு.

எபினேசர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக வானம் பார்க்கிறார். இருவரும் எண் அனுப்பும் வானம் பார்ப்போர் குழுவில் அவர் எண்தான் வேதவாக்கு.

குழுவை நடத்தும் கீர்த்தி போனில் சொன்னாள்: "மூணு வாரமா உங்க நம்பர் எபினேசர் சாரோட ஒத்தே போகல சார். இந்த வாரமும் இப்படின்னா, உங்க மூணு வருஷ நம்பரையும் ஒதுக்கி வைக்கறதத் தவிர வேற வழியில்ல."

சுடலைராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர்வீட்டு மாடி விளக்குதான் காரணம் என்று முடிவு கட்டி ராஜாத்தியிடம் போனார்.

"அக்கா, ஏழு மணிக்கு அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

"இன்னா நைனா, இருட்டுல துணி எடுக்க சொல்றியா? பைனாகுலர வச்சுகினு நீ இன்னாத்த பாக்குறன்னு தெருவே கேட்டுகினு கீது!"

அன்று சாயங்காலம் அங்கே இரண்டு விளக்கு எரிந்தது.

மூக்குக்கண்ணாடியை மாற்றினார். வித்தியாசம் இன்னும் கூடியது. கடைசியில் ராமசெல்வியைக் கூப்பிட்டார்.

"திருவோணத்துக்குக் கீழ ரெண்டு தெரியுதா? எது பளிச்னு இருக்கு?"

"வலது பக்கம். இதுக்கா கடையைப் போட்டுட்டு வரச் சொன்னீங்க?"

வலது பக்கம் இருந்தது ஈட்டா. சுடலைராஜுக்குத் தெரிந்ததும் அதேதான். அண்ணாச்சி எண்படி அதுதான் மங்கலாக இருக்க வேண்டும்.

"போச்சு! உனக்கும் கண்ணு கெட்டுப்போச்சா?"

அன்றே மூன்று வார எண்களையும் சிவப்பு மையில் அடித்தார். 'பார்வைக் கோளாறு. மன்னிக்கவும். அண்ணாச்சி எண்களே சரி' என்று குழுவில் போட்டார். பெற்ற பிள்ளையைத் தானே தப்பு சொன்னது போல மனசு வலித்தது. மறுநாள் ஒரு டஜன் கொய்யாப்பழத்தோடு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம் என்று திருவொற்றியூருக்குப் போனார்.

எபினேசரின் மனைவி ரெஜி கதவைத் திறந்தாள்.

"அண்ணாச்சி மாடியிலயா மைனி?"

"அவரு எங்க தம்பி மாடி ஏறுறாரு? முட்டிவலி வந்து ரெண்டு மாசமாச்சு. வாராவாரம் அந்த நட்சத்திரம் ஒரே மாதிரிதானே வருது, நாலு மணி நேரம் பிந்துனா என்னன்னு, ஆவணியில நீங்க அனுப்புன ஏழு நம்பரையே திருப்பித் திருப்பி எழுதிக்கிட்டு இருக்காரு."