ஃபர்ஸ்ட் குரூப் நீர்நாய்

ஒரு காட்டில் சிங்கத்துக்கு இருந்த மரியாதையெல்லாம் போய், பல்கலைக்கழகத்துக்கு மரியாதை வந்துவிட்ட காலம். அங்கே செவ்வந்தி என்றொரு நீர்நாய் பிளஸ் டூவில் எக்கச்சக்கமாக மார்க் வாங்கியிருந்தாள். அவளுக்கு நீச்சல் பட்டம் படித்து ஆற்றுக்காவல் வேலைக்குப் போக வேண்டும். சின்ன வயதில், ஆற்றுச் சுழலில் ஒரு மான்குட்டி மூழ்கிப் போனதைக் கரையிலிருந்து பார்த்தவளால், பாவம், அதை மறக்க முடியவில்லை. பட்டம் இல்லாதவர்களை ஆற்றுக்காவலில் எடுக்க மாட்டார்கள்.

ஆற்றோரத்துச் சேர்க்கை அலுவலகத்தில் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தார்.

"பிளஸ் டூவில என்னம்மா குரூப்?"

"ஃபர்ஸ்ட் குரூப் சார். மரமேறுதல், பறத்தல், கணக்கு."

"நீச்சல் எங்க?"

"அது தேர்ட் குரூப் சார். மார்க் கம்மியா எடுத்தவங்களுக்குத்தான் குடுப்பாங்க."

கூட வந்த அப்பா மாசிலாமணி மீசையைத் தடவிக்கொண்டார். "நான்தான் சார் அடம்பிடிச்சு ஃபர்ஸ்ட் குரூப்ல சேர்த்தேன். இல்லாட்டி சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"அப்போ தகுதி இல்லம்மா."

செவ்வந்திக்கு அழுகை முட்டியது. ஜன்னல் வழியாக ஆற்றில் குதித்தாள். அக்கரை போய்த் திரும்பி, சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "பாருங்க சார், எனக்கு நல்லா நீந்த வரும்!"

முள்ளம்பன்றி மேசையைத் துடைத்தார். "இது வீட்டுப் பழக்கம்மா. நான் கேக்கிறது கல்வித்தகுதி."

அடுத்து வந்தது காட்டுக்கோழி. மார்க் குறைந்ததால் தேர்ட் குரூப்பில் தள்ளப்பட்டவர். ஆற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று செய்முறைத் தேர்வில் எல்லாருக்கும் போடுகிற முழு மார்க் அவருக்கும் விழுந்திருந்தது. நீச்சலில் அவருக்கு இடம் கிடைத்தது. செவ்வந்திக்கு மரமேறுதல் கிடைத்தது. மாசிலாமணி ஊருக்கெல்லாம் மீன் விருந்து வைத்தார்.

செவ்வந்தி இரண்டாவது கிளையைத் தாண்டியதே இல்லை. மனப்பாடம் செய்தே கடைசி வருடம் வரை வந்துவிட்டாள்.

அந்த வருடம் வெள்ளம் வந்தது. நீச்சல் துறை மொத்தமும் மரத்தில் ஏறிக்கொண்டது. செவ்வந்தி தண்ணீரில் பாய்ந்து, முள்ளம்பன்றியின் குட்டிகள் உட்பட அகப்பட்ட எல்லாரையும் கரை சேர்த்தாள்.

வெள்ளம் வடிந்ததும் பேராசிரியர்கள் கூடி ஆராய்ந்தார்கள். நீந்திக் காப்பாற்றியவள் படித்தது மரமேறுதல். ஆகவே, நீச்சலுக்கு அடிப்படை மரமேறுதல்தான் என்று முடிவானது. இனி நீச்சல் பட்டத்துக்கு ஃபர்ஸ்ட் குரூப் கட்டாயம்.

செவ்வந்தி மூச்சிரைக்க ஓடினாள். "சார், இப்போ எனக்குத் தகுதி இருக்கு!"

முள்ளம்பன்றி எழுந்து நின்று கும்பிட்டார். "எங்க வீட்டுக் குலதெய்வம்மா நீ. தகுதியெல்லாம் இருக்கு. வயசு வரம்புதான் தாண்டிப்போச்சு."

ஆற்றுக்காவல் வேலை காட்டுக்கோழிக்குக் கிடைத்தது. கரையில் நின்று விசில் ஊதுகிறார்.

நீதி: பிளஸ் ஒன் சேர்க்கும்போதே பிள்ளைக்கு எது வராது என்று நன்றாக விசாரித்து, அதில் சேர்த்துவிடுங்கள். வராததற்குத்தான் இடமும் உண்டு, வேலையும் உண்டு.